மூடி மட்டும் வாங்குகிறவள்

அந்தப் பெண் கடைக்கு வந்தால் மூடி மட்டும்தான் வாங்குவாள்.

புனிதா தன் பாத்திரக் கடையில் எத்தனையோ வகை ஆட்களைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு குடமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று போகிறவர்கள் உண்டு. சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் பெரிய அண்டாவுக்குப் பேரம் பேசி முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக ஓடிவந்து, "அதே மாதிரி லேசா ஒண்ணு குடுங்க" என்று காதைக் கடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் பாத்திரமே வேண்டாம், மூடி போதும் என்று தினமும் வந்து நிற்கிற ஆளை அவள் பார்த்ததில்லை.

கொரோனா வந்த வருஷத்து ஆடி மாதம் அது. திண்டிவனம் நேரு வீதியில் கடைகளைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். திறந்தும் விட்டார்கள். உள்ளே வரத்தான் ஆள் இல்லை. புனிதாவின் கடை கல்யாணத்தை நம்பிய கடை. மல்லாட்டைக் கடலை விற்ற கையோடு ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் வரும். வலை நிறைய மீன் பட்ட வருஷம் மரக்காணத்துக் கடலோரக் குப்பங்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். அண்டா, குண்டான், குடம், குத்துவிளக்கு என்று சீர்வரிசை மொத்தமும் ஒரே நாளில் போகும். இந்த வருஷம் பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு நடந்தன. ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாத கல்யாணத்துக்கு ஆளுயர அண்டா எதற்கு? பாத்திரத்தில் பேர் வெட்டும் மெஷினின் மேல் புனிதாவே மதியச் சாப்பாட்டு டப்பாவை வைத்துப் பழகிவிட்டாள்.

அப்படிப்பட்ட நாளில்தான் இந்த மூடிக்காரி முளைத்தாள்.

காலையில் ஷட்டரைத் தூக்கிச் சாம்பிராணி காட்டும் நேரத்துக்குச் சரியாக வருவாள். முகத்தில் பாதியைக் கட்டம் போட்ட துணி மாஸ்க் மறைத்திருக்கும். மீதி பாதியில் கண்கள் மட்டும் பரபரவென்று இருக்கும். இடுப்பிலிருந்து ஒரு துடைப்ப ஈர்க்கை எடுத்து நீட்டுவாள். ஏதோ ஒரு பாத்திரத்தின் வாய் அகலத்துக்கு அளந்து ஒடித்த ஈர்க்கு.

"இந்த அளவுல ஒரு மூடி குடுங்கக்கா. ஜல்தியா போவணும்."

ஒரு நாள் ஈர்க்கு நீளமாக இருக்கும். மறுநாள் குட்டையாக இருக்கும். சில நாள் இரண்டு ஈர்க்குகள். மூடியைப் பையில் போட்டுக்கொண்டு, கடை வாசலில் வைத்திருக்கும் சானிடைசரைக்கூடத் தொடாமல் ஓடிவிடுவாள்.

"இவ யாருன்னு தெரியுமா கோபி?" என்று புனிதா பக்கத்துக் கடைக்காரனைக் கேட்டாள்.

கோபி கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவன். வேலை இல்லாததால் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரா இருந்தா என்னாக்கா? ஊரே மூடிக் கெடக்குது. உன் கடையில மூடி விக்குது. பொருத்தமாத்தான இருக்குது!"

"வெளையாடாத. தெனம் ஒரு மூடிய வாங்கிக்கினு போயி என்னா பண்ணுவா?"

கோபி குரலைத் தாழ்த்தினான். "ஈர்க்கு வச்சி அளக்குறான்னு சொல்ற. மேல்மலையனூர் கோயில் வேற சாத்திக் கெடக்குது. அமாவாசைக்குப் போவ முடியாதவங்க வீட்டுலயே எதனா பரிகாரம் பண்றாங்களோ என்னமோ. தட்டுல கற்பூரம் ஏத்துவாங்கல்ல, அந்த மாதிரி."

"மூடிய கவுத்துப் போட்டா கற்பூரம் நிக்காதுடா."

"நிமித்தி வச்சி ஏத்துவாங்க!"

புனிதா சிரித்தாள். ஆனாலும் மனசுக்குள் அந்த ஈர்க்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட என்ன அரைக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் கணவன் சீனுவாசன் ஒரு செய்தியோடு வந்தான். வேன் ஓட்டுகிறவன். வேனும் மாசக்கணக்காக வாசலிலேயே நின்றது.

"விழுப்புரத்துப் பழைய பாத்திரக்கார அய்யப்பன் கிட்ட பேசிட்டேன். ஆவணி பொறந்ததும் வர்றாரு. கடையில இருக்குற மொத்தத்தையும் எடை போட்டு எடுத்துக்கறாராம்."

புனிதா கையிலிருந்த துணியை வைத்தாள். "மொத்தத்தையுமா?"

"வேற என்னா பண்றது? இதையே கட்டிக்கினு அழுதா சோறு வருமா? விழுப்புரத்துல ரெண்டு மூணு கடைய இப்பிடித்தான் எடுத்தாராம். எல்லாத்தையும் உருக்கத்தான் போவுதாம். நம்ம மேல பரிதாபப்பட்டுத்தான் வர்றாரு."

"கடைய மூடிட்டு நான் என்னா பண்றது?"

"நானும் வேனை வித்துட்டு எங்கனா வேலைக்குப் போறேன். நீ மட்டும் என்னா, ராணியா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "எனக்கு மட்டும் ஆசையா புனிதா? ஆவணியில முகூர்த்தம் வரும்னு சொல்லு, நான் இப்பவே அவருக்கு வேணாம்னு போன் பண்றேன்."

ஆவணியில் முகூர்த்தம் வரும். கூட்டம் வராது. கூட்டம் இல்லாவிட்டால் சீர் இல்லை. கடையைக் காப்பாற்ற அவளிடம் ஒரு காரணம்கூட இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

"ஒண்ணு மட்டும் கண்டிஷனா சொல்லிட்டாரு," என்றான் சீனுவாசன். "எல்லாம் மூடியோட ஜோடியா இருக்கணுமாம். மூடி இல்லாததெல்லாம் காயலான் கடை எடைதானாம். நீ என்னடான்னா தெனம் மூடிய தனியா பிச்சி வித்துக்கினு இருக்க. நாளையிலேர்ந்து அந்த மூடிக்காரிக்கு இல்லன்னு சொல்லிடு."

மறுநாள் காலையில் ஈர்க்கு நீண்டது. புனிதா வாங்கவில்லை.

"மூடி தனியா விக்கறதில்லம்மா இனிமே. தூக்கோட சேத்து வாங்கிக்கினா குடுக்கறேன்."

"தூக்கு இருக்குதுக்கா. மூடிதான் இல்ல."

"அதெப்புடி தெனம் மூடி மட்டும் காணாமப் போவும்?"

கட்டம் போட்ட மாஸ்க்குக்கு மேல் கண்கள் தரையைப் பார்த்தன. "அது... சொன்னா நீங்க என்னைக் கடையிலயே ஏத்த மாட்டீங்க." வெறும் பையோடு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். புனிதாவுக்கு அதற்குமேல் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் விட்டுப்போன ஈர்க்கு மேஜை மேலேயே கிடந்தது. அதை வைத்து அளந்து ஒரு மூடியை எடுத்தாள்.

"கோபி, கடையப் பாத்துக்க."

"எங்கக்கா?"

"உன் கற்பூரத்தைப் பாத்துட்டு வர்றேன்."

ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அந்தப் பெண் ஒரு பழைய சைக்கிளில் கிடங்கல் பக்கம் திரும்புவது தெரிந்தது. கொஞ்ச தூரம் விட்டே பின்னால் போனாள். ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் சைக்கிள் நின்றது. வாசலில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு குண்டானில் ரசம் கொதித்தது. வரிசையாகத் தூக்குகளும் சம்பட டப்பாக்களும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. அந்தப் பெண் அவற்றில் சோறு, குழம்பு, பொரியல் என்று நிரப்பினாள். மூடி இல்லாத தூக்கை மட்டும் ஒரு வாழையிலைத் துண்டால் மூடி நூலால் கட்டினாள். எல்லாவற்றையும் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு தெருவின் வாயை மூடித் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்தின் ஓரமெல்லாம் ப்ளீச்சிங் பவுடர். கொரோனா வந்த தெரு. புனிதாவுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மீதி பாதி விளங்காமல் போக முடியவில்லை.

தகரத்துக்கு வெளியே ஒரு ஸ்டூல் கிடந்தது. அந்தப் பெண் தூக்குகளை அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிட்டாள். தகர இடுக்கு வழியாக ஒரு கை வந்து தூக்கை எடுத்தது. நேற்றைய தூக்கைத் திருப்பி வைத்தது. கழுவித் துடைத்த தூக்கு. அதற்கு மூடி இல்லை. அடுத்து இன்னொரு கை வந்து ஒரு சம்படத்தைத் திருப்பி வைத்தது. அதற்கும் மூடி இல்லை.

"ஏம்மா!" என்று கூப்பிட்டுவிட்டாள் புனிதா.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துக் கையை விரித்துத் தடுத்தாள். "ஐயோ அக்கா! நீங்க எங்க இங்க? கிட்ட வராதீங்க."

"வரல. இந்தா உன் மூடி. உன் பேரு என்னா?"

"அம்சா."

"அம்சா, இவங்க ஏன் மூடிய திருப்பித் தரமாட்டேங்கறாங்க? நீ ஏன் கேக்க மாட்டேங்கற?"

அம்சா பதில் சொல்வதற்குள், தகரத்துக்கு அந்தப் பக்கம் மாடி வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு வயசான குரல் கேட்டது.

"அம்சா! நேத்து குழம்புல உப்பே இல்லடி. இல்ல எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சா?"

"உப்பு சரியாத்தான் போட்டேன் ஜெயம்மாள் அத்தை! உங்க நாக்கு ஆஸ்பத்திரி பக்கம் போயிருக்குது, வந்துடும்!"

ஜன்னலில் சிரிப்பும் இருமலும் கலந்து கேட்டன. "அது யாரு கூட?"

"பாத்திரக் கடை அக்கா. மூடி எங்கன்னு கேக்கறாங்க."

ஜன்னல் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. பிறகு அந்த அம்மாளின் குரல் தணிந்து வந்தது. "திருடி வச்சிக்கலம்மா. என் வீட்டுலயே அஞ்சாறு மூடி இருக்குது. துணியில சுத்தி பத்திரமா வச்சிருக்கறேன்."

"தப்பா கேக்கலீங்கம்மா. எதுக்குன்னு தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்."

"அடுத்தவங்க வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா நம்மூர்ல? ஒரு கை சக்கரையாவது போட்டுத்தான குடுப்போம்? இப்ப எங்க வீட்டுச் சக்கரைய யாரு வாங்குவா சொல்லு. வெறும் தூக்கை நல்லா மூடிக் குடுத்தா, அவ உள்ள என்னமோ இருக்குதுன்னு தெறந்து பாப்பா. ஒண்ணும் இருக்காது. அது எனக்கு அசிங்கமா இருந்துது. அதான் மூடிய எடுத்துக்கினு தொறந்தே குடுத்தேன். இன்னும் முடியல, குடுக்க வேண்டியது இருக்குதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தகரத்தைப் பிரிச்சதும் மூடி நெறைய எதனா வச்சிக் குடுப்பேன். நான் பண்ணதைப் பாத்துட்டு தெருவே முறை வச்சி அப்பிடிப் பண்ணுது. போன்லயே பேசிக்கினாங்க."

புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, கொண்டுவந்த மூடியைக் கீழே வைத்துத் தள்ளி நின்றாள்.

"எனக்கும் கேக்க வாய் வரலக்கா," என்றாள் அம்சா. "சாப்பாட்டுக்குண்டான பணத்தை அவங்கவங்க பசங்க சென்னையிலேர்ந்து அனுப்பிடறாங்க. ஆனா இது வேற. அவங்க மானம் இது. மூடியக் குடுங்கன்னா, 'உங்ககிட்ட இனிமே ஒண்ணும் எதிர்பார்க்கல'ன்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

திரும்பி நடக்கும்போது அம்சா தன் கதையைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் டிபன் கடை வைத்திருந்தவள். பஸ் நின்றதும் கடையும் நின்றது. அவளைப் போல இன்னும் பலர் இருக்கிறார்களாம். கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், மயிலம் ரோட்டில் சம்பளம் வராத ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒலக்கூரில் கேன்டீன் வைத்திருந்த அக்கா தங்கை. எல்லாரும் இப்போது வீட்டிலேயே சமைத்து அனுப்புகிறார்கள். தனியாக அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு, வயசானவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்கு.

"எதுல அனுப்பறாங்க?"

"பிளாஸ்டிக் டப்பாவுலதான். சூடா ஊத்துனா நெளியுது. ஒரே பேஜாரு."

"ஏன், என் கடையில தூக்கு வாங்கக் கூடாதா?"

அம்சா தயங்கினாள். "உங்க கடை சீர்வரிசைக் கடைக்கா. அண்டா குண்டான் வாங்கறவங்க ஏறுற படி. நானே மூடி வாங்கத்தான் தைரியமா ஏறுனேன்."

இந்த ஒரு வாக்கியம் புனிதாவை வீடு வரைக்கும் துரத்தியது. அவள் கடையில் இருப்பதெல்லாம் ஒரே ஒரு நாள் மேடையில் நின்றுவிட்டு, பிறகு பரண் ஏறிவிடும் பாத்திரங்கள். அவற்றில் யாரும் சமைத்து அவள் பார்த்ததில்லை. தூக்கு, சம்படம் எல்லாம் உள்ளறையில், பாதிக்குமேல் மூட்டை பிரிக்காமல் கிடக்கின்றன. ஆனால் இதை வைத்துக் கணவனிடம் என்னவென்று சொல்வது? நான்கு பெண்கள் சமைக்கிறார்கள் என்பதற்காகக் கடையை நடத்த முடியுமா? யாராவது வாங்குவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சீனுவாசன் கேட்பான். நியாயமான கேள்விதான்.

ஆவணி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு முடிந்த மறுநாள், குட்டி யானை வண்டியில் தராசோடு வந்து இறங்கினார் அய்யப்பன். பெரிய மீசை. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, மீசைக்குக் காற்று விட்டிருந்தார்.

"என்னாம்மா, நல்லா இருக்கியா? கவலப்படாத. மொதலாளிம்மாவா இருந்தது போதும், இனிமே நிம்மதியா இரு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அண்டாக்களைத் தூக்கி எடை போட்டார். ஒன்றின்மேல் ஒன்றாக டங் டங்கென்று வண்டியில் எறிந்தார். குத்துவிளக்குகளைக் கட்டாகக் கட்டினார். சீனுவாசன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அடுத்து உள்ளறைக்குப் போன அய்யப்பன், தூக்கு மூட்டைகளைத் தானே பிரித்தார். அங்கே மட்டும் அவர் கை நிதானமானது. ஒவ்வொரு தூக்காக எடுத்து, மூடியைப் பொருத்திப் பார்த்து, திருகிப் பார்த்து, காகிதம் சுற்றி, தனிச் சாக்கில் அடுக்கினார்.

புனிதா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய பழைய வியாதி தலைதூக்கியது.

"ஏங்க, இதெல்லாம் உருக்கத்தான போவுது?"

"ஆமாம்மா. வேற எதுக்கு? இந்தக் காலத்துல பாத்திரம் யாரு வாங்குறா?"

"உருக்கறதுக்கு எதுக்குங்க மூடி?"

அய்யப்பன் கை நின்றது.

"அண்டாவை நெளியற மாதிரி வண்டியில எறிஞ்சீங்க. சரி, உருக்கறது, நெளிஞ்சா என்னான்னு நெனச்சேன். தூக்குக்கு மட்டும் காயிதம் சுத்தறீங்களே? நெருப்புக்குப் போறதுக்குக் கீறல் விழுந்தா என்னா?"

"அது... ஒரு ஒழுங்குக்காவ..."

"ஜோடியா இல்லன்னா காயலான் கடை எடைன்னு போன்லயே சொன்னீங்களாம். எதுக்குன்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்."

சீனுவாசன் இப்போது அய்யப்பனைப் பார்த்தான். வாசலில் நாற்காலி போட்டிருந்த கோபி கழுத்தை உள்ளே நீட்டினான். "நல்ல கேள்விதான் மீசைக்கார மாமா. சொல்லுங்க, எனக்கும் தூக்கம் வரும்."

அய்யப்பன் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார். மீசை மறைந்ததும் ஆள் பாதியாகிவிட்டார். கொஞ்ச நேரம் முனகினார். பிறகு சிரித்துவிட்டார்.

"உன் பொண்டாட்டிய போலீசுல சேத்து விடு சீனு. சரி, சொல்றேன். அண்டா உருக்கத்தான் போவுது, சத்தியமா. தூக்கு மட்டும் பாண்டிச்சேரியில போவுது. ஹோட்டல் சாத்திக் கெடக்குதுல்ல, வீட்டுச் சாப்பாடு அனுப்பறவங்க கேக்கறாங்க. மூடி நல்லா மூடணும், குழம்பு சிந்தக் கூடாது, அவ்ளோதான். விழுப்புரத்துல எடுத்ததெல்லாம் வந்த வேகத்துல போயிடுச்சி. வியாபாரம்னா நாலும் இருக்கும்மா."

"தப்பில்லீங்க," என்றாள் புனிதா. "அண்டாவை எடுத்துக்கினு போங்க. குத்துவிளக்கையும் எடுத்துக்கங்க. தூக்கையும் சம்படத்தையும் எறக்கிடுங்க."

"ஏம்மா, பாதிக் கடைய வச்சிக்கினு என்னா பண்ணுவ?"

"பாதிக் கடை பண்ணுவேன்."

அய்யப்பன் சீனுவாசனைப் பார்த்தார். சீனுவாசன் முன்னால் வந்தான். சாக்கைத் தானே தூக்கி உள்ளே வைத்தான். வைத்த பிறகு, "எதுக்கும் ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கலாம்," என்று முணுமுணுத்தான்.

"கேட்டா ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்க மாட்டேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்."

குட்டி யானை அண்டாக்களின் சத்தத்தோடு நேரு வீதியைத் தாண்டிப் போனது. பெரியவை நின்ற இடமெல்லாம் காலியாக, தூசி வட்டங்களாகத் தெரிந்தது. புனிதாவுக்கு அழுகை வரத்தான் செய்தது. அவள் மாமியார் கைப்பட அடுக்கிய வரிசை அது. ஆனால் அழ நேரம் கிடைக்கவில்லை. தூக்குகளைத் தெருவைப் பார்த்து அடுக்க வேண்டியிருந்தது. முன்படியில் கிடந்த சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அம்சாவுக்கு ஒரு போன் போட்டு, சமைத்து அனுப்புகிறவர்களுக்கெல்லாம் சொல்லச் சொன்னாள். சீனுவாசன், "சாப்பாட்டுத் தூக்கு கிடைக்கும். கூடுதல் மூடி தனியாகவும் கிடைக்கும்" என்று ஒரு அட்டையில் எழுதினான். வேலையில்லாத கோபி அதைப் பறித்து, எழுத்துப் பிழை திருத்தி, தன் மெஷினில் அச்சடித்தே கொடுத்துவிட்டான். ஓரத்தில் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு மயில் விழுந்துவிட்டது.

அந்த வாரமே வியாபாரம் கொட்டிவிடவில்லை. முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் மயிலம் ரோட்டு டீச்சர் வந்தாள். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சீனுவாசன் வேனைக் கடை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

அதற்கு அடுத்த நாள் ஒலக்கூரிலிருந்து அக்காவும் தங்கையும் ஒரே மொபெட்டில் வந்தார்கள். கேன்டீன்காரிகள். படியேறும்போது தங்கை கொஞ்சம் தயங்கினாள். அக்கா அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"தூக்கு காட்டுங்க."

இத்தனை வருஷமும் கடைக்கு வந்தவர்களிடம் எந்த ஊர், எந்தத் தேதியில் முகூர்த்தம் என்று மட்டுமே புனிதா கேட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"இதுல என்னா போட்டு அனுப்பப் போறீங்க?"

"காலையில கேப்பைக் கூழு. மத்தியானம் சோறு, குழம்பு. ஏன் கேக்கறீங்க?"

"கூழுக்கு இந்த அகல வாய் வேணாம்மா, வண்டி ஆட்டத்துல அலம்பும். ஒடுங்குன வாயா தர்றேன்," என்று உள்ளறைக்கு நடந்தவள், பாதியில் நின்று வேன் பக்கம் குரல் கொடுத்தாள். "என்னாங்க! ஒலக்கூரு பக்கம் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்க இவங்ககிட்ட வேன் எதனா இருக்குதான்னு கேளுங்க!"

சீனுவாசன் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தான்.